ஸ்டோரிலிருந்து வந்த தராசு

மலாக்காப் பக்கம், பெம்பானைத் தாண்டி நான்கு மைல் உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே நான் ஒரு பட்டியல் எழுதினேன். அதில் பதினேழு குறைகள் இருந்தன. ஆயாக் கொட்டகையின் தரை ஈரமாக இருக்கிறது. தண்ணீர்ப் பானைக்கு மூடி இல்லை. தொட்டில் துணிகள் வெயிலைப் பார்ப்பதில்லை. பால் புட்டியைக் கொதித்த தண்ணீரில் கழுவினீர்களா என்று கேட்டால் ஆயா சிரிக்கிறார். இப்படியே போய், பதினேழாவதாக, தாய்மார் சொன்னால் கேட்பதில்லை என்று எழுதி அதன் கீழே இரண்டு கோடுகள் போட்டிருந்தேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மலாக்காவில் தாதிப் படிப்பும் பேறுகாலப் பயிற்சியும் மூன்று வருடம் படித்துத் தேறியிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் வேலைக்குப் போன பெண் இல்லை. அப்பா ரயில்வேயில் எழுத்தர். ஒழுங்காக எழுதி வைக்கும் பழக்கம் அவரிடமிருந்து வந்ததோ ஆஸ்பத்திரியில் வந்ததோ தெரியாது. கத்தரிக்கோல் எத்தனை, பஞ்சுக் கட்டு எத்தனை, எந்தப் படுக்கைக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு காய்ச்சல், எல்லாவற்றையும் எழுதிவிட்டால் என் மனம் அடங்கிவிடும். தோட்டத்துக்கு வந்த பிறகுதான் எழுத எழுத மனம் கொதிக்கத் தொடங்கியது.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து மலாக்காவிலிருந்த வீட்டுக்குப் போவேன். மூன்றாவது முறை போனபோது அம்மா தேங்காய் துருவிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"உன்ரை முகம் ஏன் இப்பிடி இறுகிக் கிடக்குது? அங்கை எல்லாரும் உனக்கு எதிரியளே?"

"எதிரியள் இல்லை அம்மா. சொன்னால் கேக்கினமில்லை."

"நீ சொன்னால் நான் கேக்கிறனானே?" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பாதித் தேங்காயை எடுத்துக்கொண்டார்.

எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது மடியில் நோட்டை விரித்து, பதினெட்டு, பத்தொன்பது என்று மேலும் எழுதினேன்.

ஆயாக் கொட்டகை என்பது தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குப் பக்கத்தில் இருந்த நீளமான பலகைக் கூடம். பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரப்பட்டையைச் சீவப் போகும் பெண்கள் விடிவதற்கு முன்பே கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் பேர் கூப்பிடும் இடத்துக்கு ஓடுவார்கள். மதியம் ஸ்டோரில் ரப்பர்ப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்துதான் குழந்தைகளை எடுத்துப் போவார்கள். இடையில் ஒரு சின்ன இடைவேளை உண்டு. மரத்தை வெட்டி முடித்த பிறகு, அதில் கட்டிய மங்குகளில் ரப்பர்ப் பால் வடிய ஒரு மணி நேரமாவது ஆகும். கிட்டத்தில் மரம் வெட்டுகிறவர்கள் அந்த நேரத்தில் ஓடிவந்து குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். தூரத்தில் இருப்பவர்களால் முடியாது. அந்தக் குழந்தைகளுக்கு ஆயா டின் பாலைத் தண்ணீரில் கரைத்துப் புட்டியில் கொடுப்பார்.

முப்பத்தாறு குழந்தைகளில் என்னைத் தூங்கவிடாத குழந்தை ஒன்று. நான்கு மாதப் பெண் குழந்தை. தொடையில் தோல் மடிந்து தொங்கியது. அழுகையில் சத்தம் குறைவு. அதன் தாய்க்கு என் வயதுதான் இருக்கும். அவளுடைய முதல் குழந்தை ஆறாவது மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டது என்று ஆயா சொன்னார். இந்தக் குழந்தை தேறுகிறதா தேய்கிறதா என்பது எனக்குத் தெரியவேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்வது போதாது, வாராவாரம் நிறுக்கவேண்டும் என்று எனக்குக் கற்பித்திருந்தார்கள். குறைந்தால் பாலை மாற்றலாம், டாக்டரை வரவழைக்கலாம். நிறுக்காவிட்டால் இருட்டில் தடவுவது மாதிரிதான்.

தோட்டத்து மருந்தகத்தில் குழந்தைத் தராசு இல்லை. எழுதிக் கேட்டிருந்தேன், வரவில்லை. காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஸ்டோருக்குப் போய் அங்கே சும்மா கிடந்த தட்டுத் தராசு ஒன்றைக் கேட்டு வாங்கினேன். கார்பாலிக் சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவி, வெந்நீர் ஊற்றி, வெயிலில் வைத்து, எடைக்கற்களைப் போட்டுச் சரிபார்த்தேன். அரை அவுன்ஸ்கூடப் பிசகவில்லை. வெள்ளைத் துணி விரித்து அதைக் கொட்டகை வாசலில் வைத்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

மதியம் தாய்மார் வந்தார்கள். தராசைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராகக் குழந்தையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார்கள்.

அந்தத் தாயை மட்டும் நான் மறித்து நிறுத்தினேன்.

"ஒரு நிமிஷ வேலை. இதிலை கிடத்து."

"வேணாம் மிஸ்ஸி."

"ஏன் வேண்டாம்?"

"வேணாம்னா வேணாம் மிஸ்ஸி. விடுங்க, அடுப்பு பத்தவைக்கணும்."

எனக்குக் கோபம் வந்தது. குழந்தை எலும்பும் தோலுமாகக் கிடக்கிறது, ஒரு குழந்தையைப் பறிகொடுத்தும் புத்தி வரவில்லையா என்று கேட்டுவிட்டேன். அவள் குழந்தையின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு போனாள். அன்று மாலை நோட்டில், கண்ணேறு பற்றிய பயம், அறியாமை என்று எழுதினேன். எழுதிய பிறகும் அவள் தலையை மூடிய விதம் கண்ணைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் அந்தக் குழந்தை கொட்டகைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

"மரம் வெட்டுற காட்டுக்கே தூக்கிட்டுப் போயிட்டா" என்றார் ஆயா. அவர் முப்பத்தைந்து வயதுக்காரர். ஒரு காலில் ஊனம், வாயில் ஊனம் ஒன்றும் இல்லை. "மிஸ்ஸி வர்றதுக்கு முன்னாடி முப்பத்தாறு புள்ளைங்க. இப்ப முப்பத்தஞ்சு. எழுதிக்குங்க."

நான் எழுதவில்லை. அவள் வெட்டும் மரங்கள் இருந்த இடம் சதுப்போரம். கொசு மொய்க்கும். முதல் குழந்தையைக் கொண்டுபோனதும் காய்ச்சல்தான். குழந்தை இப்போது அந்தக் கொசுவுக்கு நடுவில் தொட்டிலில் கிடந்தது, அதை அங்கே அனுப்பியது நான்.

அடுத்த நாள் காலை ஏழரை மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். ஒன்றரை மைல் தூரம். இருபுறமும் ஒரே மாதிரி மரங்கள், ஒரே மாதிரி நிரைகள். நேற்று மழையில் பாதை வழுக்கியது. இரண்டு இடத்தில் அட்டை ஏறியது. போகும் வழியெல்லாம் அவளிடம் சொல்லவேண்டியதை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். ஆறு விஷயம் சேர்ந்திருந்தது.

அவளைக் கண்டபோது அவள் ஒரு மரத்தடியில் குனிந்து, பட்டையில் சரிவாகக் கத்தியை இழுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு மரங்களுக்கு இடையில் துணித்தொட்டில் கட்டியிருந்தது. அதன் கீழே தேங்காய் மட்டை புகைந்துகொண்டிருந்தது. கொசுவுக்காக அவளாகவே செய்த ஏற்பாடு.

"இங்கயும் நிறுக்க வந்துட்டீங்களா மிஸ்ஸி?"

"தராசு கொண்டுவரயில்லை. பாக்க வந்தனான்."

"பாக்க என்ன இருக்கு? மரந்தான்." அவள் அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள்.

எனக்கு மூச்சு வாங்கியது. ஒரு வேரின்மேல் உட்கார்ந்தேன். அவள் என் பேச்சுக்காக நிற்கப் போவதில்லை என்பது தெரிந்தது. நின்றால் அவளுடைய மரங்கள் மிஞ்சும். ஆகவே, வேறு வழியில்லாமல், பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் மூன்று வருடமும் தோட்டத்தில் ஏழு வாரமும் இருந்த நான், எதையும் திருத்தாமல், எதையும் எழுதாமல், ஒரு ஆளை ஒரு மணி நேரம் பார்த்தது அதுதான் முதல் முறை.

குழந்தை சிணுங்கியது. தொட்டிலை ஆட்டினேன். அவள் வந்து, கையைத் துணியில் துடைத்து, குழந்தையை எடுத்துப் பால் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் திரும்பவும் மரத்துக்கு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு முறை வந்தாள். கொட்டகையில் புட்டியைத் தள்ளித் தள்ளிவிடும் அதே குழந்தை, இங்கே கண்ணை மூடிக்கொண்டு ஆசையாகக் குடித்தது. அவள் ஓடிப்போனது என் தராசுக்குப் பயந்து. ஓடிவந்த இடத்திலோ குழந்தைக்கு வேண்டியது கிடைத்துக்கொண்டிருந்தது. நான் கொண்டுபோன ஆறு விஷயத்தில் இது இல்லை.

மங்குகளில் பால் வடியத் தொடங்கியதும் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குழந்தையின் சட்டையைத் தூக்கி இடுப்புக் கயிற்றைக் காட்டினாள்.

"இந்தாருங்க. ரெண்டு முடிச்சு தெரியுதா? பொறந்து ரெண்டாம் மாசம் ஒருதடவ இறுக்குனேன். போன மாசம் ஒருதடவ. மத்த புள்ளைங்களுக்கு அவுத்து அவுத்துக் கட்டுவாங்க. நான் இறுக்கிக் கட்டுறேன். எனக்குத் தெரியாதுன்னா மிஸ்ஸி நினைச்சீங்க?"

அந்த முடிச்சுகளைத் தொட்டுப் பார்த்தேன். "அப்ப ஏன் நிறுக்க விடயில்லை?" என்று கேட்டேன். இந்த முறை அது திட்டு இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டேன்.

"அது மங்குல உறையுற கட்டிப்பால் நிறுக்கிற தராசுதான?"

"ஓம். ஆனால் நான் மூண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினனான்."

அவள் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. "நாத்தம்னு யாரு சொன்னா? நாங்களே அந்த நாத்தந்தான். அந்தத் தராசுல எத வச்சாலும் கொறையும் மிஸ்ஸி. கத்தி புடிச்ச நாள்லேருந்து பாக்கறேன். பத்து கொண்டுபோனா எட்டும்பாங்க. ஈரம்பாங்க, மண்ணும்பாங்க. எம் புள்ளையில எதக் கழிப்பாங்க?"

தராசு சரியானதுதான், கழிப்பது தராசு இல்லை, நானே எடைக்கல் போட்டுப் பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நான் சொல்லவிருந்தது முழுவதும் சரிதான். ஆனால் அந்தச் சரியினால் அந்தக் குழந்தைக்கு ஒரு வாய் பால்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. என் வாழ்க்கையில் சரியான ஒன்றைச் சொல்லாமல் விட்டதும், விட்டபின் நெஞ்சு லேசானதும் எனக்குப் புதிது.

"பிள்ளையைத் திரும்பக் கொட்டகையிலை விடுறதெண்டால் உங்களுக்கு என்ன வேணும்?" நான் அவளை நீங்கள் என்று பேசியதை அவள் கவனித்தாளா தெரியாது. எனக்கு அது நாக்கில் தானாக வந்தது.

அவள் யோசிக்கவே இல்லை. "கிட்ட நிரை" என்றாள். "பால் வடியுற நேரத்துக்கு ஓடிவந்து குடுத்துருவேன். டின் பால் வேண்டியதில்ல. இங்க வச்சிக்கிட்டா பால் கெடைக்குது, ஆனா கொசு. எத்தன நாளைக்குப் புகை போடுறது? வேல வாங்குற மண்டோரும் ஒரு வாரந்தான் புள்ளையக் கொண்டாரலாம்னு சொல்லிட்டாரு."

"மண்டோரிட்டைக் கேட்டனீங்களோ, நிரையை மாத்தச் சொல்லி?"

அவள் தலையை ஆட்டினாள். கேட்கவில்லை என்றும் கேட்கமாட்டேன் என்றும் அதற்குப் பொருள்.

திரும்பி நடக்கும்போது வழக்கம்போல் விரைவாக நடக்கவில்லை. நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரிப்பது என்று முடிவு செய்துகொண்டேன். ஒரு பக்கம் என் கையில் இருப்பவை. மறு பக்கம் என் கையில் இல்லாதவை. சதுப்பு, ரப்பர் விலை, டின் பாலின் தரம், மரங்களுக்கும் கொட்டகைக்கும் உள்ள தூரம், ஸ்டோரில் செய்யும் கழிவு எல்லாம் இரண்டாவது பக்கம் போயின. முதல் பக்கத்தில் மிஞ்சியவை நான்கு. பத்தொன்பதைப் பார்த்து இத்தனை நாள் குமுறிய நான், நான்கைப் பார்த்ததும் பசிக்கிறது என்பதை உணர்ந்தேன்.

நான்கில் முதலாவது, தராசைத் திருப்பிக் கொடுப்பது. அன்று மதியமே கொடுத்தேன். ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி, "என்ன மிஸ்ஸி, புள்ளைங்க கனம் தாங்கலையா?" என்றார். "தராசுக்குத்தான் கனம் தாங்கயில்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாவது, துரைக்கு ஒரு விண்ணப்பம். தாய்ப்பால் கொடுக்கும் பெண்களுக்குக் கொட்டகைக்குக் கிட்டத்து நிரைகளைக் கொடுக்கவேண்டும் என்று ஐந்து காரணங்களோடு ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதியதைப் பற்றி ஆயாவிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த புட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"தொரைக்குக் காயிதமா? அப்புறம் மண்டோர் மூஞ்சியில முழிக்கப்போறது நீங்களா, நாங்களா?"

"அவ தானாக் கேக்கமாட்டன் எண்டிறா. பின்னை என்ன செய்யிறது?"

"எப்படிக் கேப்பா? கேக்கிறவ பேருதான் மொதல்ல பட்டியல்ல ஏறும்."

"எந்தப் பட்டியல்?"

ஆயா என்னை ஒரு மாதிரி பார்த்தார். அது ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். பாதி லயங்கள் காலி. யாரை ஊருக்குக் கப்பலேற்றுவது என்று அவ்வப்போது பெயர்கள் எழுதுவார்கள். அது எனக்கும் தெரிந்த செய்திதான். தெரியாதது, அந்தத் தோட்டத்தில் யாராவது நோட்டும் பென்சிலுமாக நின்றால் அதுதான் நினைவுக்கு வரும் என்பது. நான் ஏழு வாரமாகக் கொட்டகை வாசலில் நின்று ஒவ்வொரு பெண்ணையும் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன்.

"அப்ப என்ரை நோட்டையும்..."

"பின்ன? மிஸ்ஸி எழுதுற கையப் பாத்தாலே இவளுங்க பின்வாசலத் தேடுறாளுங்க."

நோட்டை எடுத்துவந்து ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். பத்தொன்பதையும் படித்தேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எனக்கு அவ்வளவு வெட்கமான கால் மணி நேரம் இருந்ததில்லை. ஆயா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இதுல எம்பேரு எத்தன எடத்துல வருது?"

எண்ணிப் பார்த்தேன். "பத்து."

"பாதிக்கு மேல நாந்தான்" என்றார், திருப்தியாக. "ஒண்ணு விட்டுட்டீங்களே. மிஸ்ஸிக்குத் தொட்டில் ஆட்டத் தெரியாது. எழுதிக்குங்க. நீங்க ஆட்டுனா புள்ள முழிச்சிக்குது."

எழுதினேன். அது உண்மை. என் கையில் இருக்கும் பக்கத்தில்தான் எழுதினேன்.

விண்ணப்பத்தைக் கொடுக்கவில்லை. வேலை வேறு வழியில் நடந்தது. ஆயாவின் அக்காள் கொட்டகைக்குப் பின்னாலிருந்த முதல் நிரையில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர். நான் வாசலில் நிற்கும்போதெல்லாம், "மிஸ்ஸி பேசறது பாட்டு மாதிரி இருக்குடி, திட்டுனாலும் தூக்கம் வருது" என்று எனக்குக் கேட்கும்படியே சொல்கிறவர் அவர். ஆயா அவரிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்து அந்த அக்காள் மண்டோரிடம் போய், சதுப்போர நிரையைத் தான் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கொட்டகையில் முப்பத்தாறு குழந்தைகள் அழுகிற சத்தத்தில் தனக்குத் தலை வலிக்கிறது என்றாராம். மண்டோர் சலித்துக்கொண்டே, மரத்தில் காயம் படாமல் யார் வெட்டினால் எனக்கென்ன என்றாராம்.

எனக்கு நன்றி சொல்லவேண்டும்போல் இருந்தது. "உங்களுக்கு ஒண்டரை மைல் கூட நடையெல்லோ?" என்று அவரிடம் கேட்டேன்.

"அங்க போனா மிஸ்ஸி பாட்டு கேக்காதில்ல" என்றார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மலாக்காவுக்குப் போனபோது, என்னைப் பயிற்றுவித்த மூத்த தாதியைப் பார்த்துக் கழித்துப்போட்ட பழைய குழந்தைத் தராசு ஒன்றைக் கேட்டு வாங்கினேன். ஒரு திருகாணி மட்டும் இல்லை. அப்பா எங்கோ தேடி ஒன்று போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் துணி சுற்றி வைத்திருந்தேன். கண்டக்டர் வந்து குனிந்து பார்த்தார்.

"தூங்குதா? பாத்து, குளிர் காத்து. கண்ணாடிய ஏத்திவிடுங்க லா."

இரும்பென்று அவருக்கு நான் சொல்லவில்லை. துணியை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினேன். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார், நானும் சிரித்தேன். ஜாசின் ஊர் வரும்வரை சன்னல் வழியாக நெல்வயலைப் பார்த்துக்கொண்டு போனேன். நோட்டு பையிலேயே இருந்தது.

தராசைக் கொட்டகையில் வைத்துவிட்டு நான் ஒதுங்கி நின்றேன். நிறுக்கச் சொல்லவில்லை. மதியம் வந்த பெண்கள் முதலில் அதைச் சுற்றி வந்தார்கள். ஆயாவின் அக்காள் கடையில் வாங்கிய, கட்டுப் பிரிக்காத சீனிப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தார். எடுத்து மறுபடியும் வைத்தார், இரண்டு முறையும் கடை எடையே வந்தது. அடுத்து ஒரு தொட்டில் துணியை மடித்து வைத்து, பிறகு அதையே தண்ணீரில் நனைத்துப் பிழியாமல் வைத்தார்.

"அடியே, ஈரத்துக்குக் கூடுதுடி. ஸ்டோர்ல ஈரத்துக்குக் கொறையுமே."

கொட்டகையே சிரித்தது. தூங்கிய குழந்தைகள் எல்லாம் எழுந்து அழுதன. அந்தச் சத்தத்துக்கு நடுவில், அந்தத் தாய் தன் குழந்தையைக் கொண்டுவந்து தட்டில் கிடத்தினாள். தட்டுக்கு மேலிருந்த கம்பியில் எடைக் குண்டை நகர்த்தவேண்டியது நான். கையை நீட்டியவள் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். "நீங்களே தள்ளுங்கோ" என்றேன்.

அவள் குண்டை விரலால் மெல்லத் தள்ளினாள். மரப்பட்டையில் கத்தியை இழுக்கிற அதே கவனம். கம்பி ஆடி நேரானதும் வாயைத் திறக்காமல் கோடுகளை எண்ணினாள். குழந்தையின் எடையைச் சத்தமாகச் சொன்னால் கண் படும், சொல்லக்கூடாது என்பதில் அவளுக்கு இளக்கம் இல்லை. எனக்கும் அதில் சண்டை இல்லை. நான் எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டேன். ஒன்பது ராத்தலுக்குக் கொஞ்சம் குறைவு. நான்கு மாதக் குழந்தைக்கு அது போதாது. இருவருக்கும் தெரியும்.

புது நிரைக்கு வந்த பிறகு அவள் தினமும் பத்து மணிக்கு மேல் ஓடிவருவாள். காலில் சேறு, நெற்றியில் வியர்வை. குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, யாரோடும் பேசாமல் திரும்பி ஓடுவாள். முதல் வாரம் இரண்டு கோடு, அதாவது இரண்டு அவுன்ஸ், ஏறியது. இரண்டாம் வாரமும் இரண்டு. மூன்றாம் வாரம் சளி பிடித்தது, ஒன்றும் ஏறவில்லை. அதற்கு முன்பென்றால் அன்று மாலை யார் மேல் தவறு என்று நான் எழுதியிருப்பேன். அன்று எழுதியது, சளி, மூக்கைத் துடைக்கவேண்டும், அடுத்த வாரம் வரை பார்க்கலாம் என்பது மட்டுமே. அந்த இரவு நன்றாகத் தூங்கினேன். அக்கறை குறைந்ததால் வந்த தூக்கம் இல்லை அது. அடுத்த நாள் காலையில் முதலில் அந்தத் தொட்டிலுக்குத்தான் போனேன்.

இன்னொரு மாற்றமும் அப்போது வந்தது. முன்பு காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் நோயாளிக் குழந்தையிடம் நேராகப் போவேன். போகும்போதே முகம் இறுகிவிடும். அந்த முகத்தோடு தொட்டால் எல்லாக் குழந்தையும் அழும். பிறகு, கொழுத்துச் சிரித்துக்கொண்டு கிடக்கும் ஒன்றிரண்டு குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு மற்றவற்றிடம் போகத் தொடங்கினேன். வேலை அரை மணி தாமதமாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. என் கை சூடாகி, மெதுவாகி, பிள்ளைகள் அழுவது குறைந்தது. தொட்டில் ஆட்டுவதில் மட்டும் நான் தேறியதாக ஆயா கடைசி வரை சொல்லவில்லை.

என் நான்கில் மூன்றாவதாக, தண்ணீர்ப் பானைக்கு மூடி வந்தது. தரை ஈரம் போகவில்லை. நான்காவதான தொட்டில் துணிகளைத் தாய்மாரே வேலியில் காயப்போட்டார்கள். நான் சொன்னதற்காக இல்லை, வாசலில் என்னோடு நின்று பேசுவதற்கு அது ஒரு சாக்கு.

நான்காம் வாரம் ஐந்து கோடு ஏறியது. அவள் எண்ணிவிட்டு, மறுபடியும் எண்ணினாள். அந்த மாதக் கடைசியில் குழந்தையின் இடுப்புக் கயிற்றில் ஒரு முடிச்சை அவிழ்த்ததாக ஆயாவிடம் சொன்னாளாம். என்னிடம் சொல்லவில்லை. ஆயா என்னிடம் சொன்னதை நானும் கேட்காத மாதிரியே இருந்துவிட்டேன்.

குழந்தைக்கு ஏழாவது மாதம் பிறந்து கொஞ்ச நாளில், ஒரு காலை, கஞ்சியை நன்றாகக் குழைத்து முதல்முறை ஊட்டினோம். பாதி முகத்தில் போனது. மீதியை ஒரு சத்தத்தோடு தின்று தீர்த்து, குழந்தை காலை நீட்டித் தூங்கிப்போனது. அது தூங்கிய சிறிது நேரத்தில் தாய் ஓடிவந்தாள். வழக்கம்போல் சேறும் வியர்வையும். தொட்டிலை எட்டிப் பார்த்தாள். எழுப்பட்டுமா என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

"வயிறு நிறையச் சாப்பிட்டிட்டா" என்றேன். "இப்ப எழுப்பினால் சண்டைக்கு வருவா."

அவள் அங்கேயே நின்றாள். ரவிக்கை பாலில் நனைந்திருந்தது. முகத்தில் சிறு ஏமாற்றம் இருந்தது, அது மெல்ல வேறொன்றாக மாறியதைப் பார்த்தேன்.

"இனிமே இவளுக்கு நான் அவசரமில்ல போல" என்றாள்.

"அவசரம் இல்லை. வேணும்."

"மங்கு நெறைய இன்னும் நேரம் கெடக்கு" என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல.

ஆயா ஒரு பலகையைக் காலால் தள்ளிவிட்டார். "அப்ப ஒக்காருடி. ரெண்டு மாசமா ஓடுறதப் பாத்து எனக்குத்தான் மூச்சு வாங்குது."

அவள் உட்கார்ந்தாள். ஆயா மூன்று டின் குவளைகளில் வரக்காப்பி ஊற்றினார். ஒன்றில் சீனி கூடுதல் என்று சொல்லிவிட்டு, அது எதென்று அவருக்கே மறந்துபோனது. மாற்றி மாற்றிக் குடித்துப் பார்த்தோம். வெளியே வேலியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. காப்பி தீரும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு அவள் குவளையைக் கழுவி வைத்துவிட்டு, தொட்டிலை இன்னொரு முறை பார்த்துவிட்டு, மரங்களுக்கு நடந்தே போனாள்.